பழைய செஸ்னா 172 ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டும் அனுபவம்

எங்கள் விமானம் 1975-ல் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் செய்யப்பட்ட செஸ்னா 172எம். நாலு இருக்கை, மேல் இறக்கை, 150 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை லைகமிங் ஓ-320 எஞ்சின். கலிபோர்னியாவில் லிவர்மோர் விமான நிலையத்தில் நிறுத்தியிருக்கிறோம். பே ஏரியா தமிழர்களுக்கு சிவா-விஷ்ணு கோயில் இருக்கும் ஊர் என்றால் சட்டென்று புரியும். நானும் இரண்டு நண்பர்களும் கூட்டாக வாங்கிப் பத்து வருடத்தை நெருங்குகிறது. தாங்களும் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அடிக்கடி பறக்க முடிந்தால் வாங்குங்கள். தனியாக அவ்வளவு பறக்க முடியாதென்றால் கூட்டாளி பிடியுங்கள். அதுவும் சரிப்படாது என்றால் வாடகை விமானமே போதும். இந்தப் பதிலுக்குப் பின்னால் எஞ்சினும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது.

அதற்கு முன் வயதைப் பற்றி. ஐம்பது வருடப் பழைய விமானமா என்று பலர் பயப்படுகிறார்கள். 172 விற்பனைக்கு வந்தது 1956-ல். இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள், உலகத்தில் வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையில் வந்ததில்லை. விபத்து வழக்குகளின் நஷ்ட ஈட்டுச் சுமையால் 1986-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். 18 வருடத்துக்கு மேல் பழையதான சிறு விமானத்துக்காகத் தயாரித்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட முடியாது என்று 1994-ல் சட்டம் வந்த பிறகுதான் மீண்டும் தொடங்கினார்கள். அதனால் இன்றைக்குச் சாதாரண ஆள் வாங்கக்கூடிய 172 என்றால் பெரும்பாலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிறந்தவைதான். புதிது நாலு லட்சம் டாலருக்கு மேல் போய்விட்டது. எங்களுடையது நாங்கள் வாங்கியபோது 45,000 டாலர் அளவுக்குக் கிடைத்தது. இன்று அதே நிலையில் உள்ள ஒன்றுக்கு அதைவிட நிறையவே கேட்கிறார்கள்.

இங்கே எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்கப் பதிவெண்ணோடு விமானத்தைத் தன் பெயரில் பதிய, குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். பறக்கக் கற்றுக்கொள்வதற்கு அது தடையில்லை. குடியுரிமை இல்லாதவர் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏ-வின் பாதுகாப்புச் சரிபார்ப்பை முடித்துவிட்டு உரிமத்துக்குப் படிக்கலாம். சட்டப்படி குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும், ஆனால் அத்தோடு முடிப்பவர்கள் குறைவு. ஆகவே முதலில் உரிமம், பிறகு கிரீன் கார்டு, அதன் பிறகு விமானம் என்று போவதே நடைமுறையில் சாத்தியம்.

சரி, எஞ்சினுக்கு வருகிறேன். லைகமிங்கில் வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது, விசிறியைச் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டுக்கும் மேலே. எண்ணெய் தேங்கும் இடம் அடியில். ஓடும்போது சிதறித் தெறிக்கும் எண்ணெய்தான் கேமை நனைக்கிறது. விமானம் வாரக்கணக்கில் சும்மா நின்றால் அந்த எண்ணெய்ப் படலம் வடிந்துவிடும், காற்றின் ஈரம் உள்ளே புகுந்து கேமின் மேலும் அதைத் தொட்டு ஓடும் டேப்பட்டுகளின் மேலும் துருப் புள்ளி விழும். அடுத்த முறை ஓட்டும்போது அந்தப் புள்ளி செதிலாக உரியும். அப்புறம் எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. 2000 மணி நேரம் ஓடலாம் என்று லைகமிங் சொல்லும் எஞ்சின், எழுநூறு எண்ணூறிலேயே போய்விடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

தரையிலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நிலைமையை மோசமாக்கும். எரிபொருள் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது, அது எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய் பறக்கும் சூட்டுக்கு வந்து, அந்தச் சூட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தால்தான் ஈரம் ஆவியாகி வெளியேறும். எனவே நாங்கள் மூவரும் ஒரு விதி வைத்திருக்கிறோம்: எந்த வாரமும் யாராவது ஒருவர் ஒரு மணி நேரமாவது பறந்தாக வேண்டும். வாட்ஸ்அப்பில் வெள்ளிக்கிழமைக்குள் யாரும் பெயர் போடவில்லை என்றால் முறை வைத்து ஒருவர் போய்விடுவார். ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது நாலு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது எண்ணெய் மாற்றுகிறோம். இதை விமானி உரிமம் உள்ள உரிமையாளரே செய்ய, அமெரிக்க விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் எஃப்ஏஏ-வின் விதியில் இடமிருக்கிறது. பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளுக்குள் காந்தத்தை ஓட்டி இரும்புத் துகள் ஒட்டுகிறதா என்று பார்ப்போம். இதுவரை எங்கள் கேம் நன்றாக இருக்கிறது என்றால் அந்த வாராந்தர விதிதான் காரணம்.

ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் செய்ய வேண்டிய சோதனையை இங்கே எல்லோரும் ஆனுவல் என்பார்கள். அதற்கென்று தனி அதிகாரம் பெற்ற மெக்கானிக்தான் கையெழுத்துப் போட முடியும். எங்கள் மெக்கானிக் உரிமையாளர்கள் கூட நின்று வேலை செய்வதை விரும்புகிறவர். இருக்கைகளைக் கழற்றுவது, இறக்கைக்கு அடியில் உள்ள சோதனை மூடிகளைத் திறப்பது, சக்கர பேரிங்குக்கு கிரீஸ் வைப்பது எல்லாம் எங்கள் வேலை. காசு மிச்சமாவது ஒரு பக்கம். நாம் உட்கார்ந்து பறக்கும் வண்டியின் உள்ளே எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, பறப்பதற்கு முந்தைய சோதனையையே வேறு விதமாகச் செய்கிறோம். 172-ல் இருக்கை ஓடும் தண்டவாளத்தை ஒவ்வொரு ஆனுவலிலும் அளக்கச் சொல்லி எஃப்ஏஏ ஆணை இருக்கிறது. துளைகள் தேய்ந்துபோனால் மேலே ஏறும் நேரத்தில் இருக்கை பின்னால் வழுக்கிவிடும், விமானி பிடித்திருக்கும் ஸ்டீயரிங்கும் கூடவே இழுபடும். அந்தத் தேய்ந்த துளைகளை ஒருமுறை நேரில் பார்த்தவன், ஓடுபாதையில் ஏறும் முன் இருக்கையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்காமல் கிளம்ப மாட்டான்.

ஒரு ஆனுவலில் மூன்றாவது சிலிண்டர் கம்ப்ரெஷன் சோதனையில் இறங்கிக் காட்டியது. 80 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தி எவ்வளவு உள்ளே நிற்கிறது என்று பார்ப்பார்கள். மற்ற மூன்றும் எழுபதுக்கு மேல் இருந்தன, இது மட்டும் ஐம்பதுகளில். காற்று எங்கே கசிகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். எண்ணெய் ஊற்றும் குழாயில் சீறினால் பிஸ்டன் வளையம், கார்புரேட்டர் பக்கம் கேட்டால் உள்வாங்கும் வால்வு, சைலன்சரில் கேட்டால் புகை வால்வு. எங்களுக்குச் சைலன்சரில் கேட்டது. போர்ஸ்கோப் கேமராவை விட்டுப் பார்த்தால் புகை வால்வின் ஒரு ஓரம் மட்டும் நிறம் மாறியிருந்தது, அந்த இடம் எரியத் தொடங்கிவிட்டதற்கு அதுதான் அடையாளம். சிலிண்டரை மாற்றினோம். இப்போது உதிரி பாகம் கிடைப்பது எளிதில்லை, பல வாரம் விமானம் தரையில் நின்றது. வால்வு வானத்தில் உடைவதற்கு முன்பே தரையில் தெரிந்ததே, அதற்குத்தான் இந்தச் சோதனை. ஆனுவல் செலவைக் குறைக்க அவசர அவசரமாக முடித்துத் தருபவரைத் தேடிப் போகாதீர்கள் என்று எல்லோரிடமும் மன்றாடாத குறையாகச் சொல்கிறேன்.

பணக் கணக்கு. விமானம் நிற்கும் கொட்டகையான ஹேங்கரின் வாடகை, காப்பீடு, ஆனுவல், கலிபோர்னியாவில் ஆண்டுதோறும் கவுண்டிக்குக் கட்டும் சொத்து வரி, சின்னச் சின்னப் பழுது எல்லாம் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 12,000 டாலர். பறந்தாலும் பறக்காவிட்டாலும் இது போகும். பறக்கும்போது மணிக்கு எட்டு காலன், அதாவது முப்பது லிட்டர் எரிபொருள், கொஞ்சம் எண்ணெய், எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்காகச் சேர்த்து வைக்கும் நிதி எல்லாம் சேர்த்து மணிக்கு 80 டாலர் ஆகிறது. எங்கள் பக்கத்தில் இதே மாதிரி விமானம் வாடகைக்கு மணிக்கு 180 டாலர். தனி ஒருவர் வைத்திருந்தால் வருடத்துக்கு 120 மணி நேரம் பறந்தால்தான் வாடகையோடு சமமாகும். வேலையும் குடும்பமும் உள்ளவர் அவ்வளவு பறப்பது கடினம். மூன்று பேர் என்றால் ஆளுக்கு 40 மணி நேரம் போதும், மாதத்துக்கு மூன்று நாலு மணி நேரம். எஞ்சினுக்கும் வருடத்துக்கு 120 மணி நேர ஓட்டம் கிடைக்கிறது. எஞ்சினுக்கு நல்லதும் பைக்கு நல்லதும் இப்படி ஒரே இடத்தில் சேர்கின்றன.

கூட்டாளி விஷயத்தில் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் இறங்க வேண்டாம், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும். ஒருவர் விலக நினைத்தால் பங்கின் விலையை யார் நிர்ணயிப்பது, சேதமானால் காப்பீடு போக மீதியை யார் கட்டுவது, புதுக் கருவி வாங்க எல்லோர் சம்மதமும் வேண்டுமா, இந்த மூன்றையும் எழுதிவிட்டால் முக்கால்வாசிச் சண்டை வராது. விமானம் இருக்கும் இடத்தைத் தானாகவே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி 2020 ஜனவரி 1 முதல் பெரும்பாலான பரபரப்பான வான்பகுதிகளில் கட்டாயமானது. அதை எங்கள் விமானத்தில் பொருத்தும்போது எது வாங்குவது என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. ஒப்பந்தத்தில் பெரும்பான்மை என்று இருந்ததால் ஒரே மாலையில் முடிந்தது. இன்னொன்று, சுற்றிக்காட்டுங்கள், காசு தருகிறோம் என்று நண்பர்கள் அன்பாகக் கேட்பார்கள். தனியார் விமானி உரிமத்தில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. எரிபொருள் போன்ற நேரடிச் செலவைச் சமமாகப் பிரித்துக்கொள்ள மட்டும் அனுமதி உண்டு, அதிலும் விமானி தன் பங்கைக் கட்ட வேண்டும்.

எரிபொருளைப் பற்றி எனக்கு உண்மையிலேயே மன வருத்தம் உண்டு. 100எல்எல் என்ற இந்தப் பெட்ரோலில் இன்னும் ஈயம் இருக்கிறது, காலனுக்கு இரண்டு கிராம் வரை. கார்களுக்கு எப்போதோ தடை செய்ததை நாம் வீடுகளுக்கு மேலே எரித்துக்கொண்டிருக்கிறோம். சான் ஹோசேயின் ரீட்-ஹில்வியூ நிலையத்தில் 2022 ஜனவரி முதல் அதன் விற்பனையை சாண்டா கிளாரா கவுண்டி நிறுத்திவிட்டது. கலிபோர்னியா முழுக்க 2031 முதல் விற்க முடியாது என்று சட்டமும் வந்துவிட்டது. எங்கள் எஞ்சின் குறைந்த கம்ப்ரெஷன் உள்ளது, 80 ஆக்டேன் காலத்தில் வடிவமைத்தது. எனவே யூஎல்94 என்ற ஈயமில்லாத விமானப் பெட்ரோல் இதற்குப் போதும். அதற்கான அனுமதிப் பத்திரம் வாங்கி வைத்திருக்கிறோம், கிடைக்கும் இடத்தில் அதையே நிரப்புகிறோம். ஸ்பார்க் பிளக்கில் ஈயக் குண்டுமணி சேர்வதும் நன்றாகக் குறைந்திருக்கிறது.

இனி பறப்பது. நாலு சீட் இருப்பதால் நாலு பேர் போகலாம் என்று எண்ண வேண்டாம். அதிகபட்ச எடை 2,300 பவுண்டு. டேங்க் நிரப்பினால் ஆட்களுக்கும் பைகளுக்கும் சேர்த்து 285 கிலோ அளவுதான் மிஞ்சும். இரண்டு பெரியவர், இரண்டு சின்னப் பிள்ளைகள், கொஞ்சம் சாப்பாடு என்றால் அளவாக இருக்கும். வேகம் 105 நாட், மணிக்கு 195 கிலோமீட்டர் போல. லாஸ் ஏஞ்சலிஸுக்கு இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் டிக்கெட் வாங்கி ஜெட்டில் போவதே மலிவு, நம்பகமும் கூட. இதன் இடம் வேறு. கலிபோர்னியாவிலேயே இருக்கும் தங்க வேட்டைக் காலத்து ஊரான கொலம்பியாவுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், இறங்கி நடந்தே ஊருக்குள் போகலாம். ஹாஃப் மூன் பேயில் கடற்கரையோரம் மதியச் சாப்பாடு. கேட்டலினா தீவில் 1,600 அடி உயர மலைத் தலையில் 3,000 அடி ஓடுபாதை.

ஒருமுறை நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு கிழக்கே ஆல்டமான்ட் கணவாய்ப் பக்கம் போனேன். கீழே காற்றாலைகள் வரிசையாகத் தெரிந்ததும், “மக்களே, இது நம்ம முப்பந்தல் மாதிரில்லா இருக்கு” என்றாள். அதுவரை கதவுப் பிடியை விடாதவள் அப்புறம் முழு நேரமும் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தாள். இருக்கை அகலம், இரைச்சல், கோடையில் தூக்கிப்போடும் வெப்பக் காற்று எல்லாவற்றுக்கும் குறை சொல்லலாம், ஆனால் மேல் இறக்கை என்பதால் கீழே பார்க்க இதைவிட நல்ல சிறு விமானம் எனக்குத் தெரியவில்லை.

மலையும் வெயிலும் சேரும் இடத்தில் 150 குதிரைத்திறன் போதாது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சியரா நெவாடா மலையில் உள்ள ட்ரக்கீ விமான நிலையம் 5,904 அடி உயரத்தில் இருக்கிறது. வெப்பம் 30 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி குறைந்து, விமானத்தைப் பொறுத்தவரை அது 9,000 அடி. கடல் மட்டத்திலேயே நிமிடத்துக்கு 645 அடி ஏறும் வண்டி அங்கே தவழும். அங்கே போவதென்றால் நாங்கள் இரண்டு பேர், பாதி டேங்க், காலை ஒன்பது மணிக்குள் கிளம்புவது என்று வைத்திருக்கிறோம். குளிர்காலத்தில் மத்தியப் பள்ளத்தாக்கில் டூலே என்று சொல்லும் அடர்ந்த மூடுபனி இறங்கினால் நாள்கணக்கில் கலையாது. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியே ஆக வேண்டிய பயணத்தை இந்த விமானத்தை நம்பித் திட்டமிடுவதே இல்லை.

எஞ்சின் இப்போது 2000 மணி நேரத்தை நெருங்குகிறது. விற்றுவிட்டு வேறொன்று தேடலாமா என்று மூவரும் பேசினோம். ஓவர்ஹாலுக்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல் ஆகும், நிதியில் பெரும் பகுதி சேர்ந்திருக்கிறது. இந்த விமானத்தின் பராமரிப்பைப் பதிந்து வைக்கும் லாக் புத்தகங்கள் 1975 முதல் விடாமல் கையில் இருக்கின்றன, எது எப்போது மாற்றியது என்று எங்களுக்குத் தெரியும். சந்தையில் இதே விலைக்கு இப்படி வரலாறு தெரிந்த ஒன்று கிடைக்காது என்று ஓவர்ஹாலுக்கே முடிவு செய்தோம். வாங்கத் தேடுகிறவர்கள் லாக் புத்தகத்தில் எஞ்சின் மணி நேரத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று வகுத்துப் பாருங்கள். கடைசி ஐந்து வருடத்தில் சில மணி நேரங்களே ஓடியிருந்தால், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரை வைத்து ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் அடுத்த விமானத்தைப் பார்க்கப் போய்விடுங்கள்.