நெயில் பாலிஷ், ஜெல், மருதாணி: நகத்துக்கு எது கெடுதல்?

நகம் மூச்சுவிட வேண்டும், எனவே பூச்சு எதுவானாலும் கெடுதல் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். நாம் வெட்டி எறியும் நகம் கெரட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற தகடு. அது வளரத் தேவையான ஆக்சிஜனும் சத்தும் தோலுக்கடியில் உள்ள நகவேருக்கு இரத்தத்தின் வழியே கிடைக்கின்றன. ஆகவே இம்மூன்றையும் எப்படி அகற்றுகிறோம், சுற்றியுள்ள தோலில் என்ன படுகிறது என்ற இரண்டையும் வைத்தே எடைபோட வேண்டும்.

சாதாரண பாலிஷ், கரைப்பான் ஆவியாவதால் உலர்கிறது. ரிமூவர் நனைத்த பஞ்சிலேயே போய்விடும். அடர்நிறங்கள் மஞ்சள் கறை விடலாம் என்பதால் அடியில் பேஸ் கோட் தேவை. சில நாட்களில் உதிர்ந்துவிடுவதே இதன் பெரிய குறை.

ஜெல், புற ஊதா விளக்கில் இறுகி, 2 முதல் 3 வாரம் வரை பளபளப்புக் குறையாமல் நிற்கும். அந்த உறுதியே அகற்றும்போது சிக்கலாகிறது. அசிட்டோன் பஞ்சை வைத்துச் சுற்றி 10 முதல் 15 நிமிடம் ஊறவிட வேண்டியதை, ஓரம் லேசாகத் தூக்கியதுமே பலர் பிய்த்து எடுக்கிறார்கள். அத்துடன் நகத்தின் மேலடுக்குகளும் உரிந்து, வெள்ளைத் திட்டுகளும் சொரசொரப்பும் மிஞ்சுகின்றன. இதைப் பார்த்துத்தான் ஜெல் நகத்தை மூச்சடைக்க வைத்துவிட்டது என்கிறார்கள். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டரே வளர்வதால், முழுதாகப் புதுப்பிக்க ஏறத்தாழ 6 மாதம் ஆகும். இதைவிட நான் அதிகம் அஞ்சுவது, இறுகாத ஜெல் தோலில் படுவதைத்தான். அதிலுள்ள அக்ரிலேட்டுகளால் ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடரும். அதே குடும்பத்து வேதிப்பொருள்கள் பல் அடைப்புகளிலும் இருப்பதால் அங்கும் தொல்லை தரலாம். வீட்டிலேயே ஜெல் போட்டுக்கொள்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அரைத்து வைக்கும் மருதாணியின் சாயம் கெரட்டினோடு பிணைந்துவிடுவதால் அகற்றும் வேலையே இல்லை. நகம் வளர வளரத்தான் சிவப்பு விலகும். மூன்றில் என் தேர்வு இதுதான். ஆனால் மருதாணி இலை கருப்பு நிறம் தராது. ஒரு மணி நேரத்தில் கருப்பாகப் பிடிக்கும் கோனில் பிபிடி என்னும் முடிச்சாயப் பொருள் கலந்திருக்கக்கூடும். அது தோலில் கொப்புளம் எழுப்பவல்லது.

எதைப் பூசினாலும், பார்லரில் நகத்தின் அடிப்பகுதியை ஒட்டிய மெல்லிய தோலை வெட்ட விடாதீர்கள். அழுக்கு என்று நினைத்து நீக்கப்படும் அந்தத் தோல்தான் கிருமிகளைத் தடுக்கும் அடைப்பு. அது வெட்டுப்பட்டால் நகச்சுத்தி வர வழி திறக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து மெல்லப் பின்தள்ளினாலே போதும்.