கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு மிஷலின் டிஃபெண்டர் போட்டோம்: பெரிய எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்காக

வண்டியோடு வந்த கம்பெனி டயரில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள், இன்னும் 3 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தபோதே மாற்றிவிட்டேன். பல நாடுகளில் 1.6 மி.மீ. வரை ஓட்டச் சட்டம் விடுகிறது, டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடு காட்டுவதும் அந்த அளவைத்தான். ஆனால் மூன்று வரிசையிலும் ஆள் உட்கார்ந்து, டிக்கியில் பெட்டிகளையும் அடுக்கினால் கிட்டத்தட்ட மூன்று டன் வரும் வண்டி இது. மழையில் பிரேக் மிதித்தபோது, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் அடிக்கடி உதற ஆரம்பித்தது. அதற்கு மேல் காத்திருக்கத் தோன்றவில்லை.

கம்பெனி டயர் மட்டமான டயர் என்று சொல்ல வரவில்லை. வண்டி தயாரிப்பவருக்கு மைலேஜ் கணக்கு நன்றாக வர வேண்டும், டெஸ்ட் டிரைவில் சத்தம் கேட்கக் கூடாது, எடையும் குறைய வேண்டும், அதனால் சுலபமாக உருளும்படி ஒரு டயரைக் கேட்டு வாங்குகிறார். அதற்கு ஈடாக எங்கோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் அது ஆயுளாகவோ ஈரப்பிடிப்பாகவோ இருக்கும். இன்னொன்று, கடையில் அதே பெயரில் கிடைக்கும் டயர் உங்கள் வண்டியோடு வந்த டயராகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். பிஎம்டபிள்யூவுக்குச் செய்ததில் நட்சத்திரக் குறி இருக்கும், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் கலவையும் கட்டுமானமும் மாறலாம்.

நான் எடுத்தது மிஷலின் டிஃபெண்டர் எல்டிஎக்ஸ் எம்/எஸ், அளவு பழையதேதான், 265/65 ஆர்18. தார் ரோட்டை மனதில் வைத்துச் செய்த டயர். பெரிய பெரிய பட்டனோடு முரட்டுத்தனமாக இருக்கும் ஏ/டி (ஆல் டெரெய்ன், எல்லா வகைத் தரைக்குமான) டயரைப் பார்த்தால் ஆசை வரும்தான், ஆனால் குடும்பத்தோடு ஹைவேயில் போவதுதான் வண்டியின் முக்கால்வாசி வேலை என்றால் அது தேவையில்லை. சத்தம் கூடும், எடை கூடும், மைலேஜ் இறங்கும். சேற்றிலும் கல்லிலும் நிஜமாகவே இறங்குபவர்கள் வாங்கட்டும்.

பார்க்க வேண்டியது தோற்றத்தை அல்ல, அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை. பழைய டயரில் 112டி, புதியதில் 114டி. 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 114 என்றால் 1180 கிலோ. டி என்பது மணிக்கு 190 கி.மீ. வேக வரம்பு, அது இரண்டிலும் ஒன்றுதான். நாலு டயரையும் கூட்டிப் பார்த்தால் எதுவுமே போதும் போலத் தெரியும், ஆனால் கடைசி சீட்டில் ஆளும் அதற்குப் பின்னால் சாமானும் ஏறினால் எடையில் பெரும்பங்கு பின் டயர்கள் மேல்தான் விழும். கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே மட்டும் போகவே போகாதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

மாட்டிய கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல டயரை மோசமாக மாட்டினால் வாங்கிய பலனே இல்லை. அவர்கள் எடுத்து வைத்த நாலில் ஒன்று மட்டும் முந்தைய வருடத்து டயர். பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள், 2324 என்றால் 2024-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். சுட்டிக்காட்டியதும் மறுபேச்சு இல்லாமல் வேறு டயர் கொண்டுவந்தார்கள். கழற்றிய முன் டயரின் உள்விளிம்பில் கையை ஓட்டிப் பார்க்கச் சொன்னார் அங்கே வேலை செய்தவர். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு, திருப்பித் தடவினால் ரம்பப் பல் மாதிரி விரலில் இடறியது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், விலகியிருந்ததற்கு அதுவே அடையாளம், அதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் புது டயரும் அதே மாதிரிதான் தேய்ந்திருக்கும். கடைசியில் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியோடு விட்டுவிடாமல் எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை வைத்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு கையால் முடுக்கினார், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி சரிபார்க்கவும் சொன்னார். நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். எவ்வளவு காற்று அடிப்பது என்பதை டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் பாருங்கள், டயரில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு.

சரி, ஓட்ட எப்படி இருக்கிறது? முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள், அச்சிலிருந்து எடுக்க வசதியாகப் பூசும் வழுவழுப்பு மேலே ஒட்டியிருக்கலாம். அது போன பிறகு ஈர ரோட்டில் வந்த வித்தியாசம் எனக்குப் பெரிய நிம்மதி. அதே வளைவு, அதே வேகம், வண்டி பிடித்த பிடியை விடவில்லை. பிரேக்கில் அந்த உதறல் இப்போது அபூர்வம். கரடுமுரடான ரோட்டில் கடைசி சீட்டுக்குக் கேட்கும் இரைச்சலும் குறைந்திருக்கிறது. குறை என்று பார்த்தால், ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் வண்டி திரும்பும் அந்தச் சுறுசுறுப்பு ஒரு பிடி குறைவு. சேற்று மண்ணிலும் இதனிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

மைலேஜ் கொஞ்சம் இறங்கியதாகத்தான் மீட்டர் காட்டுகிறது. அதை அப்படியே நம்பிவிட முடியாது. 5 மி.மீ. தேய்ந்த டயரின் சுற்றளவு இந்த அளவில் 3 செ.மீ. போலக் குறைந்திருக்கும், அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும், அதாவது பழைய டயரில் மீட்டர் தூரத்தை ஒரு சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழித்தால் நிஜமான இறக்கம் சின்னதுதான்.

ஆல் வீல் டிரைவ் வண்டி என்றால் இரண்டு மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், பட்டன் ஆழம் வேறுபட்டால் இன்ஜின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் நேர் ரோட்டிலேயே ஓயாமல் திணறும். டூ வீல் டிரைவில் இரண்டுதான் முடியும் என்றால் புதியது பின்னால் போக வேண்டும், வண்டி எதில் இழுத்தாலும். அப்புறம் ஸ்டெப்னி. எங்களுடையது முழு அளவுதான், ஆனால் வண்டி வாங்கிய நாளிலிருந்து அடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, ஓடாமலேயே ரப்பருக்கு வயதாகிவிட்டது. கழற்றிய நாலில் சீராகத் தேய்ந்திருந்த ஒரு பின் டயரை அங்கே மாட்டலாமா என்று கேட்டதற்கு, அதுவும் அதே வயதுதான், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாவதாக ஒரு புது டயர் வாங்கிவிட்டேன், இனி 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றும்போது அதையும் சேர்த்துச் சுழற்றச் சொல்லியிருக்கிறேன்.