67 வயதில் பிலாட்டிஸ்: இரண்டு ஆண்டுகளுக்குப் பின்

கீழ்முதுகு வலியோடு 11 ஆண்டுகள் காலந்தள்ளிய பிறகு, என் பிசியோதெரபிஸ்ட் வற்புறுத்தியதால் 65ஆம் வயதில் பிலாட்டிஸ் என்னும் உடற்பயிற்சி முறையின் வகுப்பில் சேர்ந்தேன். வாரத்துக்கு இரண்டு வகுப்புகள், மற்ற நாட்களில் வீட்டில் 20 நிமிடங்கள் என்று இன்றுவரை தொடர்கிறேன். வலி அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் குனிந்து ஒரு பொருளை எடுப்பதற்கு முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தயங்கும் பழக்கம் போய்விட்டது. எனக்கு அதுவே பெரிய விடுதலை.

முதல் மாதம் முழுவதும் பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, மூச்சு விடுவதை மட்டுமே கற்றுக்கொடுத்தார்கள். இதற்கா பணம் கட்டினோம் என்று உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது. இடுப்பெலும்பின் முனைக்குச் சற்று உட்புறமாக விரல்களை வைத்து, மூச்சை மெல்ல வெளியே விடும்போது, விரலுக்கடியில் நாடா ஒன்று இழுபடுவது போன்ற மெல்லிய இறுக்கம் தெரிய வேண்டும். இடுப்பைச் சுற்றிக் கச்சை போல் அமைந்துள்ள அடிவயிற்றின் ஆழ்தசை அது. எனக்கு அது பிடிபட மூன்று வாரங்கள் ஆயின. பிடிபட்ட பின்புதான், அதுவரை வயிற்றை வெறுமனே எக்கிக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது.

நான்காம் மாதத்தில், வழக்கமான ஆசிரியை வராத ஒரு நாளில், படுத்த நிலையிலிருந்து முதுகைச் சுருட்டியபடி எழும் பயிற்சியை எல்லோருடனும் சேர்ந்து செய்து, இரண்டு வாரம் படுத்துக்கிடந்தேன். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகெலும்பை முன்புறமாக அழுத்தி வளைத்தால் முள்ளெலும்பு நசுங்கி முறியக்கூடும் என்பதை அதன் பிறகே மருத்துவர் விளக்கி, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனைக்கு அனுப்பினார். மாதவிடாய் நின்ற பெண்கள் இந்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டுச் சேர்வதே முறை. 1883இல் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ் குத்துச்சண்டையும் ஜிம்னாஸ்டிக்ஸும் பழகியவர். அவர் வகுத்த பயிற்சிகளை நம் வயதுக்கேற்ப மாற்றத் தெரிந்த ஆசிரியர் கிடைக்காவிட்டால், சேராமலிருப்பதே மேல் என்பேன்.

வேறு உடற்பயிற்சிகளை விட இது உயர்ந்தது என்று நான் வாதாட மாட்டேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், பெரிதாக எந்தச் சிகிச்சையும் பெறாதிருப்பதை விட பிலாட்டிஸ் வலியைக் குறைக்கலாம் என்றதே தவிர, மற்றப் பயிற்சிகளை அது மிஞ்சுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது. மெதுவாகச் செய்யலாம், ஒருவர் பக்கத்தில் நின்று திருத்துகிறார் என்பவையே என்னை இதில் நிறுத்தியிருக்கின்றன. வில்சுருள்கள் பூட்டிய ரிஃபார்மர் கருவியில் இரண்டு முறை முயன்றேன். நகரும் பலகையில் ஏறி இறங்குவதே பெரும்பாடாக இருந்ததால் பாயோடு நின்றுவிட்டேன்.

இப்போது அன்றாடம் செய்பவை, இடுப்பை மட்டும் உயர்த்தும் பாலமும், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றியபடி வலக்கையையும் இடக்காலையும் சேர்த்து நீட்டி, பின் மாற்றிச் செய்வதும்தான். முழங்காலுக்கடியில் துண்டை நான்காக மடித்து வைத்துக்கொள்கிறேன். வலி கூடினால் அன்று மூச்சுப் பயிற்சியோடு சரி. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர்க் கட்டுப்பாடு திடீரெனத் தவறினாலோ பாயைச் சுருட்டி வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.