முதுகுப் பையோடு மூன்று வருடம்: பிரிட்டனில் பார்ப்பது இலவசம், படுப்பதுதான் செலவு

லீட்ஸில் படிக்கப் போன முதல் மாதமே 38 லிட்டர் முதுகுப் பை ஒன்று வாங்கினேன். மூன்று வருடத்தில் அது நாற்பது வார இறுதிகளாவது என்னோடு ஊர் சுற்றியிருக்கும். இடது தோள்பட்டை ஒரு முறை பிய்ந்து, நானே ஊசி நூல் எடுத்துத் தைத்தேன். இன்னும் தாங்குகிறது. குடைதான் தாங்கவில்லை. எடின்பரோ காற்றில் இரண்டு குடைகளைக் குப்பைத் தொட்டிக்குக் கொடுத்த பிறகு, தொப்பி வைத்த மழைக்கோட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

போவதற்கு முன் எல்லோரும் பயமுறுத்திய செலவு வேறு, எனக்கு ஆன செலவு வேறு. யார்க்கில் ஊரைச் சுற்றியுள்ள பழைய மதில்மேல் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம், டிக்கெட் கிடையாது. அங்கேயே தேசிய ரயில்வே அருங்காட்சியகமும் இலவசம். கிளாஸ்கோவின் கெல்விங்குரோவ் அருங்காட்சியகத்தில் மதியம் ஒரு மணிக்கு யாராவது பெரிய ஆர்கன் வாசிப்பார்கள். பக்கத்துக் கூடத்தில் தலைக்கு மேல் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம் தொங்கும். அதற்கும் காசில்லை. காசு போவது படுக்கைக்கு. அதிலும் ஊரில் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம்.

இதை நான் கற்றுக்கொண்டது எடின்பரோவில். 1947-இல் அங்கே தொடங்கிய சர்வதேசக் கலை விழாவுக்கு அழைப்பில்லாமலே எட்டு நாடகக் குழுக்கள் வந்து ஓரமாக நடித்தன. அந்த ஓரம்தான் இன்றைய ஃபிரிஞ்ச் விழா (ஃபிரிஞ்ச் என்றால் ஓரம்); ஆகஸ்டில் 3,000 நிகழ்ச்சிகளுக்கு மேல் நடக்கிறது. பயணிகள் ஹாஸ்டலின் எட்டுப் பேர் அறையில், மார்ச்சில் 22 பவுண்டுக்குப் படுத்த அதே படுக்கைக்கு ஆகஸ்டில் 90 கேட்டார்கள். முன்பதிவு செய்யாமல் போனது என் தப்பு. ராத்திரி பஸ்ஸில் தூங்கியும் தூங்காமலும் லீட்ஸ் திரும்பினேன். மறு வருடம் கிளாஸ்கோவில் தங்கினேன். ரயிலில் ஐம்பது நிமிடம்தான். நிகழ்ச்சிகளிலும் டிக்கெட் இல்லாதவையாகத் தேடினேன். முடிந்ததும் நடிகரே வாளியோடு வாசலில் நிற்பார், மனசுக்குத் தோன்றியதைப் போடலாம். ஐந்தில் இரண்டு சுமார், இரண்டு படுமோசம், ஒன்று மறக்க முடியாதது. அந்த ஒன்றுக்காக மற்ற நான்கையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் என்னைக் கேட்டால் முதலிடம் வட இங்கிலாந்தின் டர்ஹமுக்குத்தான். ஜூலை இரண்டாவது சனிக்கிழமை அங்கே சுரங்கத் தொழிலாளர் திருவிழா. 1871-இல் தொடங்கியது. அந்த வட்டாரத்தின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கம் 1993-இலேயே மூடியாகிவிட்டது. திருவிழாவை மட்டும் யாரும் மூடவில்லை. ஒவ்வொரு ஊரும் தன் பித்தளை வாத்தியக் குழுவோடு, பட்டில் படம் வரைந்த ஆளுயரத்துக்கு மேலான பதாகையைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பின்னால் பாட்டி, பேரன், நாய்க்குட்டி என்று ஊரே நடக்கிறது. கவுண்டி ஹோட்டல் மாடத்தடியில் ஒவ்வொரு குழுவும் நின்று தனக்குப் பிடித்த ஒன்றை வாசித்துவிட்டுத்தான் நகரும். அதனால் ஊர்வலம் மணிக்கணக்கில் போகும். 1934-இல் வேல்ஸில் 266 பேரைப் பலிகொண்ட சுரங்க விபத்தின் நினைவாக, சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவரே அமைத்த மெட்டு ஒன்று உண்டு. அதை வாசித்தபோது, அதுவரை பீர் கோப்பையோடு கத்திக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அமைதியானது. பக்கத்தில் நின்ற பெரியவர், “எங்கப்பா பதாகை இனிமேல்தான் வரும், போயிடாதே தம்பி” என்கிற பொருளில் ஏதோ சொன்னார். அந்த வட்டார உச்சரிப்பில் பாதிதான் புரிந்தது. போகவில்லை. தங்கியது நியூகாசிலில், ரயிலில் கால் மணி நேரம்.

லண்டன் நாட்டிங் ஹில் கார்னிவலுக்கு ஒரு முறை போனேன், போதும். ஸ்டீல் டிரம் இசை பிரமாதம். ஆனால் கடைகளெல்லாம் பலகை அடித்து மூடியிருக்க, கழிப்பறைக்கு வீட்டுக்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு விட்டார்கள். தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டே ஆடுவது எனக்குக் கைவரவில்லை.

ரயிலுக்கு 16-25 ரயில்கார்டு எடுத்துவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு குறையும், வயது தாண்டினாலும் முழுநேர மாணவர்களுக்கு உண்டு. டிக்கெட்டைத் துண்டாக வாங்கினால் சில சமயம் இன்னும் குறையும்: நடுவில் ஓர் ஊர் வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. அந்த ஊரில் ரயில் நின்றால் போதும், நாம் இறங்க வேண்டாம். விதிப்படி சரியானதுதான். ஞாயிற்றுக்கிழமைதான் எதிரி. தண்டவாள வேலை என்று பாதி வழியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். திங்கள் காலை வகுப்பை இரண்டு முறை அப்படித் தவறவிட்டேன்.

ஹாஸ்டலுக்குச் சொந்தப் பூட்டும் காதடைப்பானும் கட்டாயம். குறட்டைக்கு நாடு, மொழி கிடையாது. சமையலறையில் “இலவசம்” என்று எழுதிய அலமாரி ஒன்று பெரும்பாலும் இருக்கும். முந்தைய பயணிகள் விட்டுப்போன அரிசி, பாஸ்தா, எண்ணெய், தேயிலை எல்லாம் அதில்தான். ரசப்பொடி மட்டும் நான் கொண்டுபோவேன். ஒரு முறை மிச்சத்தை அதே அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். யார் எதில் போட்டார்களோ!

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் ஜனவரி கடைசி செவ்வாய்க்கிழமை, வைகிங் கப்பலைச் செய்து தீவட்டிகளை எறிந்து எரிக்கும் விழா இன்னும் பாக்கி. அபர்டீனிலிருந்து இரவெல்லாம் கப்பல், படுக்கைப் பிரச்சினை ஒரு ராத்திரிக்குத் தீரும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத்தான் மூன்று வருடமாக லீவு கிடைக்கவில்லை.