பிஎம் கிசான் ரெண்டாயிரம், எங்க வீட்டு அனுபவம்

எங்களுக்கு வாழப்பாடி பக்கம் ஒன்னரை ஏக்கரு, குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடுறோம், பட்டா அம்மா பேர்ல. 2019ல நெலம் வெச்சிருக்கற விவசாயிங்களுக்கு மத்திய அரசு பணம் குடுக்கற இந்த பிஎம் கிசான் திட்டம் வந்ததுல இருந்து நாலு மாசத்துக்கு ஒருக்கா ரெண்டாயிரம் அம்மா அக்கவுண்ட்ல விழுது, வருசம் ஆறாயிரம். எங்க ஊர்ல யாரும் திட்டத்து பேர சொல்ல மாட்டாங்க, "ரெண்டாயிரம் ஏறிருச்சா"ன்னு தான் கேப்பாங்க.

ரெண்டாயிரத்துல என்ன ஆகும்னு கேக்கறவங்களுக்கு எங்க கணக்கு. டிஏபி உர மூட்டை 1,350, யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசு, ஒரு டிஏபி ரெண்டு யூரியா எடுத்தா 1,883 ஆச்சு, மீதி வண்டி வாடகைக்கு சரியாப்போச்சு. ஆள் கூலிக்கெல்லாம் பத்தாது. ஆனா உரக்கடையில கடன் சொல்லாம மூட்டை எடுக்கறது சின்ன விசயம் இல்லைங்க. 2019ல குடுத்த அதே ஆறாயிரம் தான் இன்னைக்கும், அது மட்டும் மனசுக்கு உறுத்துது.

பணம் வந்துட்டே இருந்தது திடீர்னு நின்னுச்சு. ரெண்டு தவணை வரல. பாஸ்புக்க தூக்கிட்டு நானும் அம்மாவும் அலையாத எடமில்ல, கடைசில பாத்தா பணம் நிக்கவே இல்ல, அம்மா மகளிர் குழுக்காக வேற ஒரு பேங்க்ல அக்கவுண்ட் ஆரம்பிச்சாங்க, ஆதார் கடைசியா அதுல இணைஞ்சதால பணம் பூரா அங்க போயி உக்காந்திருக்கு. நாம எழுதிக் குடுத்த அக்கவுண்ட் நம்பருக்கு வராது, ஆதார் எந்த அக்கவுண்ட்ல இணைஞ்சிருக்கோ அதுக்கு தான் வரும். இத யாராச்சும் ஒருத்தர் மொதல்லயே சொல்லிருந்தா எட்டு மாசம் அலைஞ்சிருக்க வேண்டாம், அதனால உங்க வீட்ல பணம் வரலன்னா மொதல்ல இத பாருங்க.

அடுத்தது இகேஒய்சி, அதாவது பணம் வாங்கறது அந்த ஆள் தானான்னு ஆதார் வெச்சு சரிபாக்கறது. ஒரு சென்டருக்கு போனோம், கை ரேகை விழவே இல்ல, கெழங்கு புடுங்கி புடுங்கி அம்மா விரல் தேஞ்சு போச்சு. மூணு தடவ வெச்சு பாத்துட்டு அம்மா "ஏஞ்சாமி, எங் கையி என்னுது இல்லீங்குதா"ன்னு கேட்டாங்க, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. விழாத ரேகைக்கும் அங்க நூறு ரூபா வாங்கிட்டாங்க. அப்புறம் பிஎம் கிசான் ஆப்லயே மூஞ்ச காட்டி முடிக்கலாம்னு தெரிஞ்சுது, எங்க வீட்டு திண்ணையில வெச்சு ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுது, அதே போன்ல அக்கம்பக்கத்து பாட்டிங்க ஆறேழு பேருக்கும் போட்டு விட்டேன். இந்த ஒரு வசதிக்கு முழு மார்க் குடுப்பேன்.

ஏற்காட்டுல நாகலூர் பக்கம் மாமா வீடு, காபியும் மிளகும் இருக்கு, ஆனா பட்டா இன்னும் செத்துப்போன தாத்தா பேர்ல. 2019 பிப்ரவரி 1க்கு அப்புறம் நெலம் வாங்குனவங்களுக்கு இதுல எடமில்ல, வாரிசா வந்த நெலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனா வாரிசு சான்றிதழ் வாங்கி, பட்டா மாத்தி, அதுக்கு பங்காளிங்க அத்தன பேரும் கையெழுத்து போட்டா தானே. மாமா இன்னும் ஒரு தவணை கூட வாங்கல.

2020ல தமிழ்நாட்டுல தகுதி இல்லாதவங்கள லட்சக்கணக்குல சேத்து பணம் எடுத்தாங்களே, அதுல எங்க சேலம் மாவட்டமும் மாட்டுச்சு. கெடுபிடி கூடுனது நியாயம் தான். ஆனா எங்க பக்கத்து காட்ட குத்தகைக்கு ஓட்டுற அண்ணனுக்கு ஒத்த ரூபா கெடையாது, அவரு பேர்ல பட்டா இல்லைன்னு. வெதக்கரணை (கெழங்கு குச்சித் துண்டு) நடறது, தண்ணி கட்டறது, களையெடுக்கறது எல்லாம் அவரு, ரெண்டாயிரம் ஏறுறது சேலம் டவுன்ல குடியிருக்குற நெலத்துக்காரருக்கு. அதுக்காகவே ஒன்னரை மார்க் கொறைக்கறேன், அஞ்சுக்கு மூணரை. குத்தகைக்காரங்களயும் சேத்தாங்கன்னா மீதியையும் நானே வந்து போடுறேன்.