பனித்துளியா, துத்தநாகத் தகடா, நீல நிழற்படமா?

சாமி படம் பதித்த டாலரைச் செயினில் கோத்துப் போட்டுப் பழகியவர்கள் நாம். ஆனால் அந்த டாலரில் மதிப்பெல்லாம் படத்தைச் சுற்றியிருக்கும் தங்கத்துக்குத்தான். படத்தையே நகையாக்கினால்? பூ, இலை, மரம் என்று இயற்கையைப் புகைப்படம் வழியாக அணிய மூன்று வழிகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, நெதர்லாந்து வடிவமைப்பாளர் கெய்ஸ் பாக்கர் 1982இல் செய்த ‘பனித்துளி’ கழுத்தணி. பனித்துளி நிற்கும் ரோஜா இதழ்களின் வண்ணப்படத்தைப் பெரிதாக்கி, பிவிசியில் லேமினேட் செய்து, நடுவே தலை நுழைய வழி விட்டார். அவ்வளவுதான். பொன்னும் இல்லை, கல்லும் இல்லை. போட்டால் பூவுக்கு நடுவிலிருந்து முகம் எட்டிப் பார்க்கும். தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும். காலையில் தலையில் வைத்து மாலையில் எடுத்தெறியும் பூவை நினைத்தால் இது கொஞ்சம் குறும்பாகவும் தெரிகிறது. குறை என்ன? வண்ணப்படம் வெளிச்சத்தில் மங்கும், பிவிசி வயதாக ஆக விறைக்கும். வாடாத பூ என்று நம்பி வாங்கினால் அதுவும் மெதுவாக வாடும். தவிர, இதை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது.

ஜெர்மனியின் பெட்டினா ஷ்பெக்னர் இதற்கு நேர் எதிர். உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும், உள்ளங்கைக்குள் அடங்கும் ப்ரூச்தான் அவருக்குப் பிடித்த வடிவம். 19ஆம் நூற்றாண்டின் ஃபெரோடைப் படங்களைத் தேடி எடுத்து, அவற்றின் மேலேயே வைரமோ முத்தோ பதிக்கிறார். (ஆங்கிலத்தில் அதைத் ‘தகரப் படம்’ என்பார்கள், தகரமே கிடையாது, கறுப்பு வார்னிஷ் பூசிய இரும்புத் தகடு.) எனக்கு அதைவிடப் பிடித்தது, அவர் தானே எடுத்த படங்களைத் துத்தநாகத்தில் பதிப்பது. தகட்டில் ஒளி பட்டால் இறுகும் பூச்சைத் தடவி, படத்தின் வழியே ஒளி பாய்ச்சிக் கழுவினால், பூச்சு நிற்காத இடத்தை அமிலம் அரித்துவிடும். ஆக, படத்திலுள்ள மரம் தகட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்காது, தகட்டிலேயே குழிந்திருக்கும். விரலால் தடவிப் பார்க்கலாம், மங்கிப்போகுமோ என்ற பயமும் இல்லை. அந்த மந்தமான சாம்பல் நிறத்தில் ஒற்றைக் கல் மின்னும்போது, விடியலில் ஜன்னல் வழியே தோட்டம் பார்ப்பதுபோல இருக்கிறது. கனமான ப்ரூச்சை மெல்லிய பட்டில் குத்தினால் துணி இழுபடும், அதைச் சொல்லியாக வேண்டும். கைத்தறிக் காட்டன் தாங்கும்.

மூன்றாவது சயனோடைப், வெயில் பட்ட இடம் நீலமாக மாறும் பழைய புகைப்பட முறை. ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்தது. மறு வருடமே ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாளில் நேரடியாக வைத்து, கேமரா இல்லாமலேயே படமாக்கத் தொடங்கிவிட்டார். இன்று சிறு பட்டறைக்காரர்கள் துணியில் இப்படி இலையைப் பதித்து, கண்ணாடிக்கு அடியில் வைத்து டாலராக்குகிறார்கள். மலிவு, அழகு. வேண்டியதெல்லாம் இரண்டு இரும்பு உப்புகள், தண்ணீர், வெயில். வெயிலுக்கு நம் மொட்டைமாடியில் என்ன பஞ்சம்? ஆனால் எல்லாம் ஒரே நீலம், எல்லாம் நிழலுருவம். நாலு டாலர் பார்த்தால் ஐந்தாவது அலுத்துவிடுகிறது.

ஒன்றுதான் வாங்கலாம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு துத்தநாகத்தை எடுப்பேன். பாக்கரின் ரோஜாவை அருங்காட்சியகத்தில் பார்த்தால் போதும். விலை கட்டாது என்பவர்கள் சயனோடைப்புக்குப் போகலாம், சோப்புத் தண்ணீர் மட்டும் படக்கூடாது: காரம் பட்டால் நீலம் வெளிறி மஞ்சளாகிவிடும். வெயிலில் மங்கினால் பதற வேண்டாம். சில நாள் இருட்டு அலமாரியில் போட்டு வையுங்கள், போன நீலம் பெரும்பாலும் திரும்பி வரும்.