கார்டை மூடுவதா, கடனை ஒன்றாக்குவதா, டெட் ரிவியூவா?

தீபாவளித் துணி ஒரு கடை கார்டில், ஜனவரியில் பள்ளிக் கட்டணமும் யூனிஃபார்மும் கிரெடிட் கார்டில், நடுவில் ஒரு கல்யாணம் வந்துவிட்டதால் அதற்கு ஒரு பர்சனல் லோன். தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் பல வீடுகளில் கடன் இப்படித்தான் சேர்கிறது. ஊதாரித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது, ஒவ்வொன்றும் நியாயமான செலவுதான். ஆனால் சம்பளம் வந்த அன்றே டெபிட் ஆர்டர்கள் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணைகள்) முக்கால்வாசியை எடுத்துக்கொண்டால், மளிகைக்கு மறுபடி கார்டைத்தான் நீட்ட வேண்டும்.

இதிலிருந்து வெளியே வர இங்கே முக்கியமாக நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கிரெடிட் கார்டில் 30,000 ராண்ட் பாக்கி, வட்டி ஆண்டுக்கு 20% என்று வைத்துக்கொள்வோம்.

கார்டை நிறுத்திவிட்டு நாமே கட்டுவது

மாதம் 1,500 ராண்ட் விடாமல் கட்டினால், வேறு எதுவும் அந்தக் கார்டில் வாங்காத பட்சத்தில், ஏறக்குறைய 25 மாதங்களில் கடன் தீரும். வட்டியாகப் போவது சுமார் 6,800 ராண்ட். நான்கில் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான், மாதம் 1,500 கட்ட முடிகிறவர்களுக்கு.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கத்தரியால் கார்டை இரண்டாக வெட்டினால் கணக்கு மூடியதாகாது, நம்பர் இணையக் கடைகளில் சேமித்தபடியே இருக்கும், மாதச் சந்தா ஓடிக்கொண்டே இருக்கும். பாக்கி இருக்கும்வரை கணக்கை முழுதாக மூடவும் முடியாது. ஆகவே வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, கடன் வரம்பைப் பாக்கித் தொகை அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். கடன் கட்டக் கட்ட மறுபடி குறைக்கச் சொல்லுங்கள். வரம்பைக் குறைக்கச் சொல்வது தேசியக் கடன் சட்டம் நமக்குத் தரும் உரிமை, வங்கி செய்யும் சலுகை அல்ல.

இரண்டு மூன்று கார்டு இருந்தால் எதை முதலில் அடைப்பது? அதிக வட்டி உள்ளதை முதலில் என்பார்கள், பொதுவாகச் சரிதான். ஆனால் இந்த நாட்டில் கடை கார்டுக்கும் வங்கி கார்டுக்கும் வட்டி உச்சவரம்பு ஒன்றேதான், ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) 14 சதவீதம் கூட்டினால் வருவது. அதனால் வட்டி வித்தியாசம் பல நேரம் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் மாதம் 60 ராண்ட் வரை, அதற்கு மேல் வாட் வரியும் சேர்த்து, சேவைக் கட்டணம் பிடிக்கலாம், காப்பீடும் தனியாக ஏறும். 2,000 ராண்ட் பாக்கி உள்ள கடை கார்டில் மாதம் 60 ராண்ட் போனால் அந்தக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 36% ஆகிறது. ஆகவே சின்னக் கடை கார்டை முதலில் அடைத்து மூடிவிடுவதே லாபம்.

இன்னொன்று, கார்டு வட்டி ரெப்போவோடு சேர்ந்து ஆடும். 2020 ஜூலையில் ரெப்போ 3.5%, அப்போது கார்டு உச்சவரம்பு 17.5%. 2023 மேயில் ரெப்போ 8.25% ஆனது, உச்சவரம்பும் 22.25%க்குப் போய்விட்டது. ஒரு ராண்டுக்குக்கூடப் புதிதாக வாங்காமல் இருந்தவருக்கும் சுமை கூடியது.

எல்லாக் கடனையும் ஒரே லோனாக ஆக்குவது

விளம்பரங்களில் அதிகம் வருவது இதுதான். மாதத் தவணை குறையும் என்பது உண்மை. அதே 30,000 ராண்டை 24% வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் சுமார் 863 ராண்ட் மட்டுமே. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மொத்த வட்டி கிட்டத்தட்ட 21,800 ராண்ட். தொடக்கக் கட்டணமும் காப்பீடும் தனி. பர்சனல் லோனுக்கு உச்சவரம்பு ரெப்போவோடு 21 சதவீதம் கூட்டினால் வருவது, கார்டைவிட 7 புள்ளி அதிகம் என்பதை மறக்கக் கூடாது. நல்ல கடன் வரலாறு இருந்து, கார்டைவிடக் குறைந்த வட்டியை வங்கி எழுத்தில் கொடுத்து, தவணைக் காலமும் இரண்டு மூன்று வருடத்துக்குள் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். லோன் வாங்கிக் கார்டுகளை அடைத்துவிட்டு அவற்றை மூடாமல் வைத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. ஒரு வருடத்தில் லோனும் இருக்கும், கார்டும் நிரம்பியிருக்கும்.

வீட்டு பாண்டிலிருந்து எடுப்பது

சொந்த வீட்டுக்கு பாண்ட், அதாவது வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன், கட்டுகிறவர்கள், முன்கூட்டிக் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்கும் வசதி இருந்தால், 11% போன்ற வட்டியில் கார்டை அடைக்கலாம். மாதம் அதே 1,500 ராண்டைப் பாண்டில் கூடுதலாகக் கட்டினால் 22, 23 மாதத்தில் தீரும், வட்டி சுமார் 3,300 ராண்ட்தான், இவற்றில் மிக மலிவு. ஆனால் கூடுதலாகக் கட்டாமல் 20 வருடத்துக்கு இழுத்தால் அதே 30,000க்கு 44,000 ராண்டுக்கு மேல் வட்டி போகும். அதோடு, கார்டு கடனுக்கு வீடு அடமானம் இல்லை, இதற்கு இருக்கிறது. துணி வாங்கிய கடனுக்காக வீட்டை முன்னே வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை, வேலை உறுதியாக இருப்பவர்களைத் தவிர.

டெட் ரிவியூ

கடன் தவணைகளைச் சட்டப்படி மாற்றி அமைக்கும் இந்த வழியைப் பற்றித்தான் நம்மவர்களிடம் பயமும் வெட்கமும் அதிகம். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று கடைசிவரை இழுத்துவிட்டு, பிறகு மஷோனிசாவிடம் (தெருவில் வட்டிக்கு விடுகிறவர்) போய் வங்கிக் கார்டையும் அடையாள அட்டையையும் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றை அவர் பிடித்துவைப்பது சட்டவிரோதம் என்பதும் பலருக்குத் தெரியாது.

2007இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்த டெட் கவுன்சலர், உங்கள் வருமானத்தையும் வீட்டுச் செலவையும் பார்த்து, முதலில் சோற்றுக்கும் வாடகைக்கும் பேருந்துக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியில் எல்லாக் கடன்காரர்களுக்கும் பிரித்துக் கொடுக்கத் திட்டம் போடுவார். நீதிமன்றம் அதை ஆணையாக்கும். நீங்கள் மாதம் ஒரே தொகை கட்டினால் போதும். கிரெடிட் கார்டை விட வேண்டும் என்று மன உறுதியை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், புதிய கடன் வாங்கவே சட்டம் விடாது.

அதற்கு விலையும் உண்டு. கவுன்சலர் கட்டணம் ஆரம்பத் தவணைகளில் பெரும்பகுதியைத் தின்னும். நீதிமன்ற ஆணை வந்தபின் நினைத்தபோது வெளியே வர முடியாது, கடன்கள் தீர்ந்து சான்றிதழ் வாங்கினால்தான் பெயர் சுத்தமாகும். வீட்டு பாண்ட் மட்டும் பாக்கித் தவணை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சமூகச் சொத்து முறையில் (இருவர் சொத்தும் கடனும் பொது) திருமணம் செய்தவர்கள் கணவன் மனைவி இருவருமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே வீட்டில் மறைத்துச் செய்கிற காரியமில்லை இது. ஃபோனில் கூப்பிட்டு "தவணையைப் பாதியாக்கித் தருகிறோம்" என்பவர்களிடம் சரி என்று சொல்லிவிடாதீர்கள், பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்த பிறகே பேச வேண்டும்.

நேரமும் முக்கியம். தேசியக் கடன் சட்டத்தின் பிரிவு 129 என்று போட்டு ஒரு கடிதம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள், வழக்குக்கு முன் வரும் அறிவிப்பு அது. ஒரு கடனுக்கு வழக்கு தொடங்கிவிட்டால் அந்தக் கடனை டெட் ரிவியூவுக்குள் கொண்டுவர முடியாது.

என் கணக்கு இதுதான்: மளிகை, மின்சாரம், பேருந்து போக மாதம் 1,500 மிஞ்சுகிறவர் கார்டு வரம்பைக் குறைத்துத் தானே கட்டட்டும். தவணைகளைக் கட்டக் கடன் வாங்குகிறவர், அடுத்த சம்பளத்துக்குக் காத்திருக்காமல் டெட் கவுன்சலரைப் பார்க்கட்டும்.

அப்புறம் அடுத்த தீபாவளித் துணிக்கு? புரட்டாசிக்கு முன்பே கடையில் லே-பை போட்டுவிடலாம், அதாவது துணியை ஒதுக்கி வைக்கச் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டலாம். வட்டி இல்லை, முழுப் பணமும் கட்டும்வரை துணி கடையின் பொறுப்பில் இருக்கும், கடன் கணக்கும் திறக்க வேண்டியதில்லை.